மும்பை வீட்டுக் கணக்கு: கூட்டல் உண்டு, கழித்தல் இல்லை

நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் வீட்டுவசதி குறித்து உறுப்பினர்கள் கேள்வி எழுப்புகின்றனர். அமைச்சரின் எழுத்துமூலமான பதிலுடன் மாநில வாரியாக ஓர் அட்டவணை இணைக்கப்படுகிறது. அந்த அட்டவணையில் பெரும்பாலும் மூன்று பத்திகள் இருக்கும்: அனுமதிக்கப்பட்ட வீடுகள், பணி தொடங்கப்பட்ட வீடுகள், கட்டி முடிக்கப்பட்ட வீடுகள். 2015-ல் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் தொடங்கப்பட்டது முதல் இந்த மூன்று பத்திகளிலும் எண்கள் வளர்ந்துகொண்டே வந்துள்ளன. நான்காவது பத்தி ஒன்று அதில் இருந்ததில்லை. அதே காலத்தில் அதே ஊரில் இடிக்கப்பட்ட வீடுகள் எத்தனை என்பதே அது.

அந்த நான்காவது பத்தி இல்லாததன் பொருள் என்ன என்பதை அறிய விரும்புவோர் மும்பையில் மான்குர்த் வரை சென்று வந்தால் போதும். ஹார்பர் ரயில் மார்க்கத்தில் தாணே கழிமுகத்தைத் தாண்டி வாஷிக்குள் நுழைவதற்கு முன் மும்பை மாநகரின் கடைசி ரயில் நிலையம் அது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று தமிழர்கள் செறிந்து வாழும் பகுதிகளின் வரிசையில் மான்குர்த், சீத்தா கேம்ப் ஆகியவற்றுக்கும் இடமுண்டு. மாநகராட்சி நிர்வாகப் பிரிவில் இது "எம் கிழக்கு" வார்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த ஒரு வார்டில் மட்டும் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசித்தனர். மாநகராட்சியே வெளியிட்ட 2009-ம் ஆண்டு மனிதவள மேம்பாட்டு அறிக்கையில், மலபார் ஹில் உள்ளடங்கிய "டி" வார்டுக்கு 0.96 குறியீடு கிடைத்தது. எம் கிழக்கு வார்டுக்குக் கிடைத்தது 0.05. மும்பையின் 24 வார்டுகளில் அதுவே கடைசி இடம்.

நகரம் தனக்கு வேண்டாதவற்றை ஒதுக்கி வைக்கும் இடமாகவே இந்த வார்டு நீண்டகாலமாக இருந்து வருகிறது. 1927 முதல் குப்பை கொட்டப்பட்டு வரும் தேவ்னார் கிடங்கு இங்கேதான் உள்ளது. ஆடு, மாடு அறுக்கும் கூடமும் இங்கேதான். ரயில் பாதைக்காகவும் சாலைக்காகவும் மேம்பாலத்துக்காகவும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கான அடுக்குமாடிக் கட்டடங்களும் இங்கேதான் மிகுதி.

ஜனதா காலனியில் தொடங்கியது: மான்குர்த்தின் வீட்டுக் கணக்கு ஜனதா காலனியிலிருந்து தொடங்க வேண்டும். நகரின் பல பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களை மாநகராட்சியே கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அது. தமிழர்கள் கணிசமாக இருந்தனர். பின்னர் பாபா அணு ஆராய்ச்சி மைய ஊழியர்களின் குடியிருப்புக்காக அந்த நிலம் தேவை என அணுசக்தித் துறை கூறியது. 1960-களின் இறுதியில் வெளியேற்ற நோட்டீஸ் வந்தது.

எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். தச்சுத் தொழில் கற்று, பிழைப்புத் தேடி மும்பை வந்து ஜனதா காலனியில் ஒதுங்கியவர். காலனியில் குப்பை அள்ளப்படாததைக் கண்டு, சிறுவர்களைத் திரட்டி ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைச் சுமந்து சென்று மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டச் செய்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தில்லி வந்து நாடாளுமன்றத்தின் முன் அமர்ந்து, அன்றைய பிரதமர் இந்திரா காந்தியையும் அவர் சந்தித்தார். பலன் இல்லை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், சுமார் 70,000 பேர் வாழ்ந்த காலனி தரைமட்டமாக்கப்பட்டது. மக்கள் டிராம்பே பக்கமுள்ள சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டனர். அதுவே இன்றைய சீத்தா கேம்ப்.

இதை அன்றைய அரசுக் கணக்கு எப்படிப் பதிவு செய்திருக்கும்? அணுசக்தித் துறைக்கு வீட்டு நிலம் கிடைத்தது. சீத்தா கேம்பில் மனைகள் வழங்கப்பட்டன. இரண்டுமே வரவுதான். இடிந்துபோன ஜனதா காலனி எந்தப் பேரேட்டிலும் செலவாக எழுதப்படவில்லை.

அதே 1976-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில்தான் மும்பைக் குடிசைகளின் முதல் பெரிய கணக்கெடுப்பை மகாராஷ்டிர அரசு நடத்தியது. சுமார் 28 லட்சம் பேர் குடிசைகளில் வாழ்வதாகத் தெரியவந்தது. கணக்கில் வந்தவர்களுக்குக் குடும்பத்தின் படம் ஒட்டிய அட்டை தரப்பட்டது. மும்பைத் தமிழர்கள் இன்றும் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் "போட்டோ பாஸ்" அதுதான். அட்டை உள்ளவர் தகுதியுடையவர், இல்லாதவர் ஆக்கிரமிப்பாளர் என்ற பிரிவினை அன்று பிறந்தது. இந்தக் "கெடு நாள்" 1976, 1980, 1985, 1990, 1995, 2000 எனத் தேர்தல்களை ஒட்டி நகர்ந்து கொண்டே வந்துள்ளது. 2011 ஜனவரி 1 வரை குடியேறியவர்கள் பணம் செலுத்தி வீடு பெறலாம் என்ற ஏற்பாடும் பின்னர் வந்தது. கெடு நகரும்போதெல்லாம், நேற்றுவரை இல்லாத சில லட்சம் பேர் ஒரே அரசாணையால் இருப்பவர்களாக ஆகின்றனர்.

8 லட்சம் வீடுகள் என்ற வாக்குறுதி: 1995 பேரவைத் தேர்தலில் சிவசேனை - பாஜக கூட்டணி 40 லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்று அறிவித்தது. குடும்பக் கணக்கில் சுமார் 8 லட்சம் வீடுகள். ஆட்சிக்கு வந்ததும் அதே ஆண்டு டிசம்பரில் எஸ்.ஆர்.ஏ. எனப்படும் குடிசைப் பகுதி மறுவாழ்வு ஆணையம் அமைக்கப்பட்டது. அரசு பணம் போடத் தேவையில்லை; குடிசைவாசிகளுக்கு வீடு கட்டித் தரும் பில்டர், அதே நிலத்தில் கூடுதல் பரப்பைக் கட்டிச் சந்தை விலைக்கு விற்றுக்கொள்ளலாம் என்பதே திட்டம். அப்போது தலா 225 சதுர அடி, பின்னர் 269, இப்போது 300.

முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இத்திட்டத்தில் கட்டி முடிக்கப்பட்ட மறுவாழ்வு வீடுகள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் என்பதே அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டு வரும் கணக்கு. வாக்குறுதியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதற்கிடையே 228 திட்டங்கள் பாதியில் நிற்பதாகவும், அவற்றில் உள்ள 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை மாநகராட்சி, மாடா, எம்.எம்.ஆர்.டி.ஏ., சிட்கோ முதலிய அரசு அமைப்புகள் கூட்டாக எடுத்து முடிக்கும் என்றும் மாநில அரசு முடிவெடுத்தது. காட்கோபர் கிழக்கில் ரமாபாய் அம்பேத்கர் நகரும், காமராஜரின் பெயரைத் தாங்கிய காம்ராஜ் நகரும் இவ்வாறு எம்.எம்.ஆர்.டி.ஏ. வசம் வந்துள்ளன. அங்கு மட்டும் 16,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள்.

இங்கே "கட்டி முடிக்கப்பட்டது" என்ற சொல்லையே சற்று நின்று பார்க்க வேண்டியுள்ளது. எஸ்.ஆர்.ஏ. திட்டம் ஒன்று பல படிகளைக் கடக்கிறது. முதலில் குடியிருப்பாளர்களின் ஒப்புதல், பின்னர் தகுதிப் பட்டியல், அதன்பின் எல்.ஓ.ஐ. என்னும் திட்ட ஒப்புதல் கடிதம், கட்டுமானம் தொடங்கச் சான்று, இறுதியில் ஓ.சி. என்னும் குடிபுகும் சான்று. அரசியல் மேடைகளில் பேசப்படும் எண் பெரும்பாலும் முதல் படிகளுக்கு உரியது. எல்.ஓ.ஐ. கிடைத்த பிறகு குடிசைகள் காலி செய்யப்பட்டு, மக்கள் வாடகை வீட்டுக்கோ தற்காலிக முகாமுக்கோ போய்விடுகின்றனர். கடைசிப் படிக்கும் முதல் படிக்கும் இடையில் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழிந்த திட்டங்கள் உண்டு. பில்டர் வாடகை தருவதை நிறுத்திவிட்டார் என்ற புகார்கள் பெருகியதால், இரண்டாண்டு வாடகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்று 2023-ல் ஆணையம் உத்தரவிட நேர்ந்தது.

உச்ச நீதிமன்றமும் இதைக் கவனித்தது. போரிவலியில் 2003 முதல் இழுபட்ட ஒரு திட்டம் தொடர்பான வழக்கில் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்த நீதிபதிகள் பி.எஸ். நரசிம்ஹா, அரவிந்த் குமார் ஆகியோர், 1971-ம் ஆண்டு குடிசைப் பகுதிச் சட்டம் நடைமுறையில் எப்படிச் செயல்படுகிறது என்று ஆராயுமாறு மும்பை உயர் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டனர். அச்சட்டத்தின் கீழ் 1,600-க்கும் மேற்பட்ட வழக்குகள் அந்த ஒரே நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததே காரணம். ஒரு சட்டத்தின் செயல்திறனைத் தணிக்கை செய்யுமாறு நீதிமன்றம் சொல்வது அபூர்வம்.

வெளியூரார் வீடுகள்: மான்குர்த்தில் எழுந்த கட்டடங்களில் பல, மான்குர்த் மக்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. மலிவான காலிமனையில் சிறிய வீடுகளைக் கட்டி அரசிடம் ஒப்படைக்கும் பில்டருக்கு, பணத்துக்குப் பதில் டி.டி.ஆர். எனப்படும் மாற்றத்தக்க கட்டுமான உரிமை வழங்கப்பட்டது. அந்த உரிமையை அவர் விலை அதிகமுள்ள வேறு புறநகரில் பயன்படுத்தலாம். பிறருக்கு விற்கவும் செய்யலாம். நிலம் மலிவாக உள்ள இடத்தில் ஏழைகள், விலை உயர்ந்த இடத்தில் மாடிகள். விதி அப்படி எழுதப்பட்டால் கட்டடங்கள் அப்படித்தானே எழும்? லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட், வாஷி நாகா, மாஹுல் என எம் வார்டுகளில் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் குவிந்ததன் பின்னணி இதுவே.

இவற்றில் பலவற்றை நிரப்பியது எம்.யு.டி.பி. என்னும் மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம். 2002-ல் உலக வங்கி இதற்கு 50 கோடி டாலருக்கும் மேல் கடன் அளித்தது. தண்டவாள ஓரக் குடிசைகளும், சாந்தாகுரூஸ் - செம்பூர் இணைப்புச் சாலைப் பாதையில் இருந்த வீடுகளும் கடைகளும் அகற்றப்பட வேண்டியிருந்தது. திட்டத்தின் தொடக்கத்தில் பாதிக்கப்படுவோர் சுமார் 80,000 பேர் என மதிப்பிடப்பட்டது. பின்னர் அது 1,20,000 ஆயிற்று. குர்லா வணிகர்கள் உள்ளிட்டோர் 2004-ல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டனர். கணக்கெடுப்பிலும் மறுவாழ்விலும் குறைபாடுகள் உள்ளன என அக்குழு அறிக்கை அளித்தது. 2006 மார்ச் மாதம் சாலை மற்றும் மறுவாழ்வுப் பகுதிகளுக்கான நிதியை வங்கி நிறுத்தி வைத்தது. ஜூன் மாத இறுதியில்தான் அது விடுவிக்கப்பட்டது. எத்தனை பேர் என்று சரியாக எண்ணாததற்காக இந்தியாவில் ஒரு பெரிய திட்டத்தின் கடனே நின்றுபோன சம்பவம் இது.

ஆனால் கணக்கெடுப்பு சரியாகவும் நடந்திருக்கிறது. ஜனதா காலனியை இழந்த ஜோக்கின் அற்புதம் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடமே, அரசு எண்ணுவதற்கு முன் மக்கள் தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது. அவர் தோற்றுவித்த தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, 1984-ல் அமைந்த "ஸ்பார்க்" நிறுவனம், நடைபாதைவாசிப் பெண்களின் "மகிளா மிலன்" ஆகிய மூன்றும் இணைந்து பணியாற்றின. 1985-ல் பைகுலா பகுதியில் நடைபாதையில் வாழ்ந்த சுமார் 6,000 குடும்பங்களை ஸ்பார்க் அமைப்பினர் கணக்கெடுத்தனர். 1988-ல் தண்டவாளங்களை ஒட்டி வாழ்ந்த சுமார் 18,000 குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டன. வீடுதோறும் எண் எழுதி, வரைபடம் வரைந்து, அதைத் தெருவில் ஒட்டி, விடுபட்டவர்கள் ஆட்சேபம் சொல்ல வாய்ப்பளிக்கும் முறை அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ரயில் பாதை விரிவாக்கம் வந்தபோது, பட்டியல் தயாராக இருந்தது. 2000-ம் ஆண்டு தொடக்கத்தில் ஹார்பர் மார்க்கத்தில் ரயில்வே நிர்வாகம் 2,000-க்கும் மேற்பட்ட குடிசைகளை இடித்தபோது, அந்தப் பட்டியலை வைத்தே மறுகுடியமர்வு வலியுறுத்தப்பட்டது. அதே ஆண்டு அவருக்கு மகசேசே விருது கிடைத்தது; 2011-ல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார். இலவச வீடு தரும் பில்டர் முறையோடு அவரது அமைப்பு ஒத்துழைத்தது சரியா என்ற விவாதம் மும்பையில் இன்னும் ஓயவில்லை. எண்ணும் வேலையை அவர் எவ்வளவு முக்கியமாகக் கருதினார் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

மண்டாலா: கழித்தல் கணக்கின் மிகப் பெரிய எண் 2004-05 குளிர்காலத்தில் விழுந்தது. விலாஸ்ராவ் தேஷ்முக் அரசு, மும்பையை ஷாங்காய் ஆக்குவோம் என்ற முழக்கத்தோடு 80,000-க்கும் மேற்பட்ட குடிசைகளைச் சில வாரங்களில் தரைமட்டமாக்கியது. மான்குர்த்தின் மண்டாலா கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. காங்கிரஸ் கூட்டணி தேர்தலில் அளித்த வாக்குறுதிக்கு மாறாக இது நடப்பதாகக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. தில்லி மேலிடம் வரை புகார் சென்றது. எஸ்.ஆர்.ஏ. முப்பது ஆண்டுகளில் கட்டிய வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு நிகரான எண்ணிக்கை ஒரே பருவத்தில் இல்லாமல் போனது. இடிந்த குடிசையும் ஒரு குடும்பம் மழைக்கு ஒதுங்கிய வீடுதான் என்று ஒப்புக்கொள்ளும் கணக்கு இருந்திருந்தால், அந்த ஆண்டு மும்பையின் வீட்டு உற்பத்தி கழித்தல் குறியோடு பதிவாகியிருக்கும்.

இங்கிலாந்தில் இந்தக் கழித்தல் கட்டாயம். அங்கே ஆண்டுதோறும் வெளியிடப்படுவது "நிகரக் கூடுதல் வீடுகள்"; இடிக்கப்பட்டவை அதில் கழிக்கப்படும். ஒவ்வோர் உள்ளாட்சியும் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் தேவையான வீட்டு நிலம் எங்கெங்கே உள்ளது என்று மனை வாரியாகக் காட்ட வேண்டும். 2018 முதல், இலக்கில் எத்தனை சதவீதம் முடிந்தது என்ற சோதனையும் உண்டு. 75 சதவீதத்துக்குக் கீழே போனால், அனுமதி மறுக்கும் உள்ளாட்சியின் அதிகாரம் பலவீனமாகும். இங்கிலாந்தில் வீட்டுப் பஞ்சம் இல்லை என்று பொருளல்ல; அங்கும் கடும் தட்டுப்பாடுதான். ஆனால் தட்டுப்பாட்டின் அளவு என்ன என்பதில் அமைச்சருக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே அட்டவணை.

நம் ஊரில் அட்டவணைகள் பல. மாநகராட்சி, மாடா, எம்.எம்.ஆர்.டி.ஏ., எஸ்.ஆர்.ஏ., தாராவி மறுவளர்ச்சித் திட்டம் என்று ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தானே வைத்திருக்கிறது. 2017 மே மாதம் செயல்பாட்டுக்கு வந்த மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் எந்தக் கட்டடம் எந்த மாடி வரை வந்துள்ளது என்பதைக்கூடப் பார்க்கலாம். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது விலை கொடுத்து வாங்குவோருக்கானது. எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் விற்பனைக்கான கோபுரம் அங்கே பதிவாகிறது. குடிசைவாசிகளுக்கான கட்டடம் பதிவாவதில்லை. ஒரே மனையில் இரண்டு கட்டடம், ஒன்றுக்குக் கண்காணிப்பு, மற்றொன்றுக்குக் காத்திருப்பு.

காற்று புகாத வீடு: எண்ணிக்கை மட்டுமே இலக்கானால் என்ன நேரும் என்பதற்கும் மான்குர்த்தான் சான்று. எஸ்.ஆர்.ஏ. விதிகள் ஹெக்டேருக்குக் குறைந்தபட்சம் 500 வீடுகள் இருக்க வேண்டும் என்றன. 2034-ம் ஆண்டுக்கான வளர்ச்சி விதிகளில் இது 650 ஆக உயர்த்தப்பட்டது. வேறு எங்கும் அடர்த்திக்கு மேல்வரம்பு வைப்பார்கள், இங்கே கீழ்வரம்பு. கட்டடங்களுக்கு இடையே மூன்று மீட்டர் இடைவெளிகூட ஏற்கப்பட்டது. கீழ்த்தள வீடுகளில் நண்பகலிலும் விளக்கு எரிய வேண்டும்.

"டாக்டர்ஸ் ஃபார் யூ" என்ற அமைப்பும் மும்பை ஐ.ஐ.டி.யும் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட், பி.எம்.ஜி. காலனி ஆகிய மூன்று மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் 4,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஆராய்ந்து 2018-ல் அறிக்கை அளித்தன. முதல் இரண்டு இடங்களில் ஏறத்தாழ பத்துக் குடும்பங்களுக்கு ஒன்றில் காசநோய் காணப்பட்டது. கட்டடங்கள் சற்று விலகி நின்ற பி.எம்.ஜி. காலனியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவே. வருமானத்திலும் தொழிலிலும் பெரிய வேறுபாடு இல்லாத மக்கள்தான். வேறுபட்டவை சூரிய ஒளியும் காற்றும். இந்த வீடுகள் அரசுக் கணக்கில் இன்றும் "முடிக்கப்பட்டவை" பத்தியில்தான் உள்ளன.

மாஹுலின் கதை வேறு வகை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. அப்பகுதிக் காற்றால் மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து உள்ளது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் கூறியது. குழாய்ப் பாதையை ஒட்டி இடிக்கப்பட்ட குடிசைகளின் மக்களை அங்கே போகச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்து, மாதம் 15,000 ரூபாய் வாடகை தர உத்தரவிட்டது. காலியாகக் கிடந்த வீடுகளில் 9,098-ஐத் தனது ஊழியர்களுக்கே தலா 12.60 லட்சம் ரூபாய்க்கு விற்க 2025-ல் மாநகராட்சி முன்வந்தது. மும்பையில் அந்த விலைக்கு ஒரு மாட்டுக் கொட்டகைகூடக் கிடைக்காது. ஆனாலும் வாங்க ஆளில்லை. அதற்கு முந்தைய ஆண்டு மாடா நடத்திய குலுக்கலில் 2,030 வீடுகளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். 2011 கணக்கெடுப்பில் பூட்டிக் கிடந்த மும்பை வீடுகள் மட்டும் 4.8 லட்சம் என 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது. சென்னையின் பெரும்பாக்கத்தையும் கண்ணகி நகரையும் அறிந்த தமிழக வாசகர்களுக்கு இதில் புதுமை எதுவும் தோன்றாது.

நிலம் தில்லியின் கையில்: மும்பையில் நிலமே இல்லை என்று சொல்லப்படுவதுண்டு. நிலம் இருக்கிறது, அதன் சாவிகளில் பல தில்லியில் இருக்கின்றன. ரயில்வே, துறைமுகம், விமான நிலையம், பாதுகாப்புத் துறை, அணுசக்தித் துறை, உப்புத் துறை ஆணையர் எனப் பெரும் நில உடைமையாளர்கள் மத்திய அரசின் அமைப்புகள். மும்பையின் உப்பளங்கள் மட்டும் 5,000 ஏக்கருக்கும் மேல். மத்திய மும்பையின் பஞ்சாலை நிலங்களில் 25 ஆலைகள் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் வசம் இருந்தன. மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, மூன்றில் ஒரு பங்கு மாடாவின் வீடுகளுக்கு, எஞ்சியது உரிமையாளருக்கு என 1991 விதி கூறியது. 2001-ல் அந்த விதி மாற்றப்பட்டு, ஆலைக் கட்டடங்கள் இல்லாத வெற்றிடத்துக்கு மட்டுமே பங்கீடு என்றானது. 2006 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விளைவு, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் விண்ணப்பித்துக் காத்திருக்க, மும்பைக்குள் கிடைத்த வீடுகள் 20,000-ஐ எட்டவில்லை. இப்போது வாங்கணி, ஷேலு என்று நகருக்கு வெகு தொலைவில் இடம் காட்டப்படுகிறது. நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டமும் 2007 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் ரத்தாகிவிட்டது. நேரு பெயரிலான நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்ட நிதியைப் பெற அது மத்திய அரசின் நிபந்தனை.

மத்திய அரசு நிலத்தை விடுவிக்கவே இல்லை என்பதல்ல. தாராவிக்காக விடுவித்திருக்கிறது. காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தை மாநிலத்துக்கு மாற்ற 2024-ல் ஒப்புதல் கிடைத்தது. குர்லா மதர் டெய்ரி நிலத்தை மாநில அரசு ஒதுக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் தேவ்னார் குப்பைக் கிடங்கிலிருந்து 124 ஏக்கர் தாராவித் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதாவது மான்குர்த்துக்குப் பக்கத்தில்.

யாருக்காக இந்த நிலம்? தாராவியில் 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்கு மட்டுமே தாராவிக்குள் 350 சதுர அடி இலவச வீடு. அதன்பின் 2011 வரை வந்தவர்களுக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் செலுத்தி 300 சதுர அடி. 2011-க்குப் பின் வந்தவர்களுக்கும், எந்த ஆண்டு வந்திருந்தாலும் மேல்தளத்தில் வசிப்பவர்களுக்கும், வெளியே வாடகை முறையில் வீடு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பட்டறையிலும் இட்லி வியாபாரத்திலும் பிழைக்கும் குடும்பங்களில் மேல்தளத்தில் வாடகைக்கு இருப்போர் ஏராளம். 2007-08-ல் "மஷால்" அமைப்பு அரசுக்காக நடத்திய கணக்கெடுப்பில் தரைத்தளக் கட்டுமானங்கள் சுமார் 60,000. மேல்தளங்களையும் சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பது திட்ட அதிகாரிகளின் மதிப்பீடு. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்த இத்திட்டத்தில் மாநில அரசின் பங்கு 20 சதவீதம். 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. 2025 மே மாதம் பெருந்திட்டத்துக்கு முதல்வர் தேவேந்திர ஃபட்னவீஸ் ஒப்புதல் அளித்தார்.

வெளியே இத்தனை நூறு ஏக்கர் கோரப்படுவதைப் பார்த்தால், வெளியேற வேண்டியவர்கள் சிறுபான்மையினர் அல்லர் என்பது தெளிவு. தேவ்னார் நிலத்தில் முதலில் குப்பையை அகற்ற வேண்டும். 185 லட்சம் டன் பழைய குப்பையை அகற்றச் சுமார் 2,368 கோடி ரூபாய் மதிப்பில் 2025-ல் மாநகராட்சி டெண்டர் கோரியது. நிலம் ஒதுக்கப்பட்டபோது நடைமுறையில் இருந்த 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், மூடப்பட்ட கிடங்கில் 15 ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகே குடியிருப்பு பற்றிப் பரிசீலிக்கலாம் என்றன. குப்பையை முழுவதுமாக அகற்றிவிட்டால் இந்தத் தடை பொருந்தாது என்ற வாதம் முன்வைக்கப்படுகிறது. 2016 ஜனவரியில் அந்தக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்து, செம்பூர் வரை புகை சூழ்ந்ததை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை.

2025 மே மாதம் மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் அளித்த புதிய வீட்டுவசதிக் கொள்கை, 2030-க்குள் 35 லட்சம் வீடுகள், 70,000 கோடி ரூபாய் முதலீடு என்று பேசுகிறது. 2026-க்குள் அரசு நிலங்களின் பட்டியலான "நில வங்கி" உருவாக்கப்படும் என்றும், தேவை, நிலம், கட்டுமானம் ஆகிய தகவல்களை ஒரே இடத்தில் தரும் மாநில வீட்டுவசதித் தகவல் தளம் அமைக்கப்படும் என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. இத்தனை ஆண்டுகளில் இப்படியொரு எண்ணம் வந்ததே வரவேற்கத்தக்கது. அந்தத் தளத்தில் இடிக்கப்பட்ட வீடுகளுக்கும், காலி செய்துவிட்டு ஓ.சி.க்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கும், கட்டியும் குடியேறாத வீடுகளுக்கும் பத்தி இருக்குமா என்பதை மும்பை எம்.பி.க்கள் இங்கே கேட்கலாம். மத்திய நிலங்களின் பட்டியலும் அதில் இடம்பெறுமா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியது மத்திய அரசு.

2011-க்குப் பின் நடக்காமல் இருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. அதன் முதல் கட்டம் வீட்டுப் பட்டியல் தயாரிப்பு. தாராவியின் மேல்தள வீடு ஒவ்வொன்றும் அதில் தனி எண் பெறும். தகுதிப் பட்டியலில் இடம் பெறாதவர்களின் எண்ணிக்கையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும், இடையில் அந்த வீடுகள் இடிபடாமல் இருந்தால்.